பச்சை படிந்த ஹாங்காங்: வோங் கார் வாய் ப்ளூ-ரே தொகுப்பு பற்றி

அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2021 மார்ச்சில் வெளியிட்ட, ஹாங்காங் இயக்குநர் வோங் கார் வாயின் படங்களைக் கொண்ட ‘வேர்ல்ட் ஆஃப் வோங் கார் வாய்’ என்ற ப்ளூ-ரே தொகுப்பை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வாங்குங்கள், ஆனால் உங்களிடம் பழைய வட்டுகள் இருந்தால் அவற்றை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சில படங்களின் நிறத்தையும் சட்டகத்தையும் வோங் இதில் மாற்றியிருக்கிறார்; என் பதிலின் இரண்டாம் பாதிக்குக் காரணமான அந்த மாற்றம்தான் அவருடைய ரசிகர்களைப் பல அணிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. எனவே, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதோடு, என்ன இல்லை என்பதையும் சேர்த்தே இந்தத் தொகுப்பை மதிப்பிட வேண்டியிருக்கிறது.

முதலில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 1988இல் வந்த ‘ஆஸ் டியர்ஸ் கோ பை’ தொடங்கி ‘டேஸ் ஆஃப் பீயிங் வைல்ட்’ (1990), ‘சங்கிங் எக்ஸ்பிரஸ்’ (1994), ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ (1995), ‘ஹேப்பி டுகெதர்’ (1997), ‘இன் த மூட் ஃபார் லவ்’ (2000), ‘2046’ (2004) வரை ஏழு முழுநீளப் படங்கள், 4கே தரத்தில் புதிதாக மீட்டெடுக்கப்பட்ட வடிவில் இடம்பெற்றுள்ளன. அவற்றுடன், பல குறும்படங்களைச் சேர்த்த ‘ஈரோஸ்’ என்ற தொகைப்படத்துக்காக எடுக்கப்பட்ட ‘த ஹேண்ட்’ குறும்படத்தின் நீட்டிக்கப்பட்ட வடிவமும் உண்டு. கோங் லியும் சாங் சென்னும் நடித்த அந்தக் குறும்படம், இப்போதிருக்கும் நீளத்தில் ஒரு தனிப்படமாகவே நிற்கிறது. 2001 கான் திரைப்பட விழாவில் வோங் நடத்திய சினிமா வகுப்பு, ஒளிப்பதிவாளர் கிறிஸ்டோபர் டாயலின் பேட்டிகள், நீக்கப்பட்ட காட்சிகள், சோஃபியா கொப்போலா, க்ளோயி ஜாவ் போன்ற இயக்குநர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு வோங் பதிலளிக்கும் நிகழ்ச்சி என்று துணைப் பகுதிகளும் நிறைய உள்ளன. விமர்சகர் ஜான் பவர்ஸின் நீண்ட கட்டுரையோடு வரும் புகைப்பட நூலும், ஆறு ஓவிய அட்டைகளும் பெட்டியோடு கிடைக்கின்றன. உழைப்பையும் பணத்தையும் கணக்குப் பார்க்காமல் உருவாக்கப்பட்ட பொருள் இது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஷாங்காயில் 1958இல் பிறந்து, ஐந்து வயதில் ஹாங்காங் வந்துசேர்ந்த வோங், முழுமையான திரைக்கதை இல்லாமல் படப்பிடிப்புக்குப் போகிறவர். படத்தொகுப்பு மேசையில்தான் தன் படத்தைக் கண்டுபிடிக்கிறவர். ‘ஆஷஸ் ஆஃப் டைம்’ படத்தின் நீண்ட வேலைக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் ‘சங்கிங் எக்ஸ்பிரஸ்’ படத்தை எடுத்து முடித்ததும், அதில் சேர்க்க முடியாமல் போன மூன்றாவது கதை ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ ஆனதும் அவருடைய ரசிகர்கள் அனைவரும் அறிந்தவை. இப்படி வேலை செய்கிற ஒருவருக்குத் தன் படம் எப்போது முடிவடைகிறது? விவாதம் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

தொகுப்புக்கு எழுதிய குறிப்பில் வோங் தம் நிலைப்பாட்டை மறைக்கவில்லை. ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கும் வடிவில் படங்களை மீட்பதா, தாம் முதலில் மனத்தில் கண்ட வடிவில் மீட்பதா என்ற இக்கட்டு எழுந்ததாகவும், தாம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததாகவும் அவர் எழுதுகிறார். ஒரே ஆற்றில் யாரும் இருமுறை இறங்குவதில்லை என்ற பழமொழியைச் சொல்லி, இவை அதே படங்கள் அல்ல, நாமும் அதே பார்வையாளர்கள் அல்ல என்கிறார். நேர்மையான வார்த்தைகள்தாம். ஆனால் அவற்றின் விளைவு திரையில் தெரியும்போது, குறிப்பாக ‘இன் த மூட் ஃபார் லவ்’ ஓடத் தொடங்கும்போது, மனம் அவ்வளவு எளிதாக இணங்குவதில்லை.

அந்தப் படத்தைக் கிரைட்டீரியனே 2012இல் ப்ளூ-ரேயாக வெளியிட்டிருந்தது. அதையும் புதிய வட்டையும் ஒரே தொலைக்காட்சியில் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தேன். பழையதில் சிவப்பும் பொன்மஞ்சளும் ஓங்கி நிற்கின்றன. 1962ஆம் ஆண்டின் ஹாங்காங்கில், நெருக்கமான குடியிருப்பின் குறுகிய நடைவழிகளில், இரண்டு பேர் ஒருவரையொருவர் உரசாமல் கடந்துபோகிற அந்த வெப்பமும் மூச்சுமுட்டலும் நிறத்திலேயே இருக்கின்றன. புதியதில் அந்த வெப்பத்தின் மீது மெல்லிய பச்சை படிந்திருக்கிறது. சுவர்களும் நிழல்களும் முகங்களும் அதனால் குளிர்ந்துவிடுகின்றன. விடுதி நடைவழியின் செந்திரைகள் இன்னும் செந்திரைகளே. ஆனால் அவை முன்போல் எரியவில்லை. நாயகி மேகி சூங் அணிந்துவரும் சியோங்சாம் என்னும் சீன உடைகளின் துணி நெசவு, பழைய வட்டில் காணாத நுட்பத்தோடு இப்போது தெரிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தெளிவில் ஈட்டியதை நிறத்தில் இழந்திருக்கிறோம் என்பதே என் முடிவு.

இது என் தனிப்பட்ட ருசி சார்ந்த விஷயம் மட்டுமல்ல. 2000ஆம் ஆண்டு கான் விழாவில் இந்தப் படத்தின் நாயகன் டோனி லியூங் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றபோது, அதே படத்துக்காகத் தொழில்நுட்பப் பிரிவின் பெரும்பரிசு கிறிஸ்டோபர் டாயல், மார்க் லீ பிங்-பின், வில்லியம் சாங் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. முதல் இருவர் ஒளிப்பதிவாளர்கள். மூன்றாமவர் கலை இயக்கம், உடை, படத்தொகுப்பு மூன்றையும் கவனித்தவர். உலகம் அன்று பாராட்டிப் பரிசளித்தது இந்த மூவரும் சேர்ந்து உருவாக்கிய ஒரு தோற்றத்தை. வோங் மனத்தில் முதலில் என்ன கண்டார் என்பதை அறிய நமக்கு வழியில்லை. திரையரங்குக்கு வந்தது என்ன என்பதை அறிய வழி உண்டு. ‘சைட் அண்ட் சவுண்ட்’ திரைப்பட இதழின் 2022 விமர்சகர் வாக்கெடுப்பில் ஐந்தாம் இடத்துக்கு உயர்ந்த ஒரு படம் அப்போது எப்படி இருந்தது என்பது, இயக்குநரின் நினைவை மட்டும் நம்பி விட்டுவிடக்கூடிய செய்தி அல்ல.

எல்லாப் படங்களுக்கும் இந்தக் குறை பொருந்தாது. ‘டேஸ் ஆஃப் பீயிங் வைல்ட்’ தொடக்கத்திலிருந்தே பச்சை தோய்ந்த படம். பிலிப்பைன்ஸ் காடுகளின் மீது ஓடும் அந்தப் புகழ்பெற்ற காட்சியைப் பார்த்தவர்களுக்குப் புதிய வட்டு அந்நியமாகத் தோன்றாது. ‘2046’ படத்தின் இயல்பும் அத்தகையதே. ‘சங்கிங் எக்ஸ்பிரஸ்’ படத்தில், ஆண்ட்ரூ லாவ் ஒளிப்பதிவு செய்த முதல் கதையின் சிதறி இழுபடும் பிம்பங்கள் இவ்வளவு துல்லியமாக இதற்கு முன் வீட்டுத் திரைக்கு வந்ததில்லை என்றே நினைக்கிறேன். சங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடத்தின் சந்துகளில் தெற்காசிய முகங்கள் நெருக்கியடித்து நிற்கும் காட்சிகளில், பின்னணியில் இருப்பவர்களின் முகக்குறிகூடப் படிக்கக் கிடைக்கிறது. இந்த மூன்று படங்களுக்காக மட்டுமே வாங்குகிறவர்களும் ஏமாற மாட்டார்கள்.

‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ விஷயத்தில் நிறத்தைவிடச் சட்டகமே பெரிய சிக்கல். உயரத்தைப் போல 1.85 மடங்கு அகலம் என்ற விகிதத்தில் திரையரங்குகளில் ஓடிய படம், இப்போது 2.39 மடங்கு அகலமான ஸ்கோப் வடிவில் வந்திருக்கிறது. படத்தொகுப்பின்போது தற்செயலாக, படத்தை அகலவாக்கில் விரித்துக் காட்டும் அனமார்ஃபிக் லென்ஸ் வழியே படத்தைப் பார்க்க நேர்ந்ததாகவும், பாத்திரங்களுக்கு இடையிலான தொலைவு அதில் இன்னும் வலுவாகத் தெரிந்ததாகவும், அன்று செய்ய முடியாததை இன்றைய தொழில்நுட்பம் அனுமதித்ததாகவும் வோங் விளக்குகிறார். படத்தைப் பார்க்கும்போது அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதை உணர்கிறேன்: அருகருகே அமர்ந்தும் ஒருவரையொருவர் எட்ட முடியாத அந்தத் தனிமை அகன்ற திரையில் கூடியிருக்கிறது. ஆனால் டாயல் அந்தப் படத்தை மிக அகன்ற கோண லென்ஸ்களால், முகத்தோடு முகம் ஒட்டிநின்று எடுத்தார். அந்த நெருக்கத்தின் விகாரமும் தலைக்கு மேல் அழுத்தும் கூரைகளும் அவர் அமைத்த சட்டகத்தின் உயரத்தை நம்பி இருந்தவை. உயரம் குறைந்ததும் நகரத்தின் அழுத்தமும் குறைந்துவிட்டது. இதை ஒரு சோதனை என்ற அளவில் மதிக்கிறேன். படத்தின் ஒரே வடிவமாக ஏற்க என்னால் முடியவில்லை.

‘ஹேப்பி டுகெதர்’ படத்தை இந்தக் குற்றப்பட்டியலில் சேர்ப்பவர்கள் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. 2019இல் ஏற்பட்ட தீ விபத்தில் அந்தப் படத்தின் நெகட்டிவில் ஒரு பகுதி அழிந்தது; சில ரீல்களில் ஒலியும் கெட்டுப்போனது. டோனி லியூங்கின் தனிமொழிகளில் சிலவற்றைச் சுருக்க நேர்ந்தது அதனால்தான் என்று வோங் குறிப்பில் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கானில் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றுத்தந்த படம் அது. இழப்பின் வலி அவருக்கும் இருந்திருக்கும். புவனோஸ் ஐரிஸின் கறுப்பு-வெள்ளைப் பகுதிகளும் இகுவாசு அருவியின் நீலமும் இவ்வளவாவது மீண்டதற்கு, இத்தாலியின் பொலோன்யா நகரிலுள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா என்ற பட மீட்டெடுப்புக் கூடத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அந்தக் கூடத்தின் பெயரும் ரசிகர் சண்டையில் அடிக்கடி இழுக்கப்படுகிறது. அங்கே மீட்டெடுக்கப்படும் படங்கள் பலவற்றில் மஞ்சளும் பச்சைநீலமும் தூக்கலாக இருக்கின்றன என்பது நெடுநாள் புகார். எனவே தவறு நிறங்களைச் சீர்செய்யும் கலரிஸ்டுடையது, இயக்குநருடையது அல்ல என்று வாதிடும் ஓர் அணி இருக்கிறது. வோங் தாமே முன்நின்று ஒப்புதல் அளித்த வேலை இது என்னும்போது அந்த வாதம் நிற்காது. இன்னோர் அணி, படைப்பு படைத்தவருடையது, அவர் எதை மாற்றினாலும் அதுவே இறுதி என்கிறது. மூன்றாவது அணி சொல்வதுதான் கூர்ந்து கேட்கத்தக்கது: பழைய டிவிடிக்களும் திரையரங்குப் பிரிண்டுகளும்கூட ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதில்லை, நாம் ‘அசல்’ என்று கட்டிக்காப்பது பல நேரங்களில் நாம் முதலில் பார்த்த வட்டின் நிறத்தைத்தான். இதை மறுப்பது கடினம். ஆயினும், அசலைத் துல்லியமாக அறுதியிட முடியாது என்பதிலிருந்து, எந்த மாற்றமும் சமம் என்ற முடிவுக்குத் தாவக்கூடாது. படம் வெளிவந்த காலத்துப் பிரிண்டை ஆதாரமாக வைத்து, உடன் உழைத்த ஒளிப்பதிவாளரைப் பக்கத்தில் இருத்திச் செய்யும் வேலைக்கு ஒரு மதிப்பு உண்டு.

வோங்குக்குத் திருத்தும் உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. ‘ஆஷஸ் ஆஃப் டைம்’ படத்தை 2008இல் ‘ரீடக்ஸ்’ என்று மாற்றியமைத்தவர் அவர். ‘த கிராண்ட்மாஸ்டர்’ ஹாங்காங்கில் ஒரு நீளத்திலும், பெர்லினில் ஒரு நீளத்திலும், அமெரிக்காவில் ஒரு நீளத்திலும் வெளியானது. திருத்திக்கொண்டே இருப்பது அவருடைய கலையின் சுபாவம். என் ஆட்சேபம் வேறு: புதியதைக் கொடுக்கும்போது பழையதைப் பக்கத்தில் வைக்காததுதான். இது செய்ய முடியாத காரியமும் அல்ல. இதே பெட்டியில் ‘டேஸ் ஆஃப் பீயிங் வைல்ட்’ படத்தின் மாற்று வடிவம், தொடக்கமும் இறுதியும் வேறாகத் தொகுக்கப்பட்ட நிலையில், துணைப் பகுதியாக இடம்பெற்றிருக்கிறது. ஒரு படத்துக்குக் காட்டிய அந்தப் பெருந்தன்மையை ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ படத்துக்கும் ‘இன் த மூட் ஃபார் லவ்’ படத்துக்கும் காட்டியிருந்தால் சண்டையில் பாதி அன்றே முடிந்திருக்கும். அமெரிக்க இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் 2009இல் ‘த ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ ப்ளூ-ரேயின் நிறத்தைத் தம் விருப்பப்படி மாற்றியபோது, அதன் ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் வெளிப்படையாகக் கண்டித்தார். 2012இல் திருத்தப்பட்ட வட்டு வந்தது. ரசிகர்களின் பிடிவாதத்தைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் அந்த வரலாற்றை நினைவில் கொள்வது நல்லது.

தொகுப்பில் ஒரு மிகச் சிறிய படமும் இருக்கிறது: ‘ஹுவா யாங் தே நியன் ஹுவா’. தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்டு, பின்னர் கலிஃபோர்னியாவில் ஒரு கிடங்கில் கிடைத்த பழைய சீனப் படங்களின் நைட்ரேட் (பழைய ஃபிலிம் வகை) பிரிண்டுகளிலிருந்து காட்சிகளை எடுத்து, 2000ஆம் ஆண்டில் வோங் கோத்தது. மூன்று நிமிடத்துக்கும் குறைவான அந்தப் படத்தில், மறைந்துபோன நடிகைகளின் முகங்களை அவை எடுக்கப்பட்ட வடிவிலேயே, கீறல்களோடும் மங்கலோடும் அவர் எவ்வளவு வாஞ்சையோடு அடுக்கியிருக்கிறார் என்று பாருங்கள். மற்றவர்களின் படங்களுக்கு அவர் அளித்த அந்த மரியாதையை அவருடைய சொந்தப் படங்களுக்கும் எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு என்றே கருதுகிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். வட்டுகள் ஏ மண்டலத்துக்கு மட்டும் பூட்டப்பட்டவை, அதாவது அந்த மண்டலத்துக்கான கருவிகளில் மட்டுமே ஓடும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் விற்கும் ப்ளூ-ரே கருவிகள் அதே மண்டலத்தைச் சேர்ந்தவை என்பதால் அங்குள்ளவர்களுக்குத் தொல்லையில்லை. இந்தியாவும் இலங்கையும் சி மண்டலத்தில் வருகின்றன. எல்லா மண்டல வட்டுகளையும் ஏற்கும் கருவி உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதைத் தேடுங்கள். பட்டியல் விலை ஏறத்தாழ 200 டாலர், அஞ்சல் செலவும் சுங்கவரியும் தனி. கிரைட்டீரியன் வட்டுகள் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சில முறை பாதி விலைக்கு விற்கப்படும், அதுவரை காத்திருப்பதே உத்தமம். வசன வரிகள் ஆங்கிலத்தில் மட்டுமே. வோங்கை இதுவரை பார்த்திராதவர்கள் ‘சங்கிங் எக்ஸ்பிரஸ்’ படத்தில் தொடங்கலாம். ‘இன் த மூட் ஃபார் லவ்’ படத்துக்கு மட்டும், 2012ஆம் ஆண்டின் வட்டு பழைய விற்பனையில் நல்ல நிலையில் கிடைத்தால், அதை முதலில் பாருங்கள். பெட்டியில் உள்ளதை அதற்குப் பிறகு பாருங்கள்.