முழுப்பழமா, பழச்சாறா, உலர்பழமா?

நடுத்தர அளவுள்ள ஓர் ஆரஞ்சுப் பழத்தில் ஏறத்தாழ 12 கிராம் சர்க்கரையும் 3 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. ஆரஞ்சுகளைப் பிழிந்து எடுத்த சாற்றில் ஒரு கோப்பை, அதாவது சுமார் 240 மில்லி லிட்டர், அருந்தினால் உடலுக்குள் போகும் சர்க்கரை 20 கிராமைத் தாண்டிவிடுகிறது. நார்ச்சத்தோ அரை கிராம் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வைட்டமின் சி, பொட்டாசியம் ஆகியவை சாற்றிலும் தாராளமாக உள்ளன என்பதால் அதைச் சத்தற்றது என்று ஒதுக்குவது நியாயமாகாது. இரண்டும் வயிற்றில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று 1977-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. மாவுச்சத்து, சர்க்கரை அளவில் சமமாக இருக்கும்படி ஆப்பிளை முழுப்பழமாகவும், மசித்த கூழாகவும், வடித்த சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுப்பழத்தை உண்பதைவிடப் பதினொரு மடங்கு வேகமாகச் சாற்றைக் குடித்து முடிக்க முடிந்தது. பசி அடங்கிய உணர்வு முழுப்பழத்தில் மிகுதியாகவும், கூழில் அதைவிடக் குறைவாகவும், சாற்றில் எல்லாவற்றிலும் குறைவாகவும் இருந்தது. இரத்தச் சர்க்கரை மூன்றிலும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு ஏறியது என்றாலும், சாற்றுக்குப் பிறகு இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, சர்க்கரை அளவு சரேலென்று கீழே இறங்கியது; முழுப்பழத்தில் அந்தச் சரிவு காணப்படவில்லை.

இந்த முடிவுகளில் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது கூழின் இடம். கூழில் நார்ச்சத்து அப்படியே இருந்தும், அது முழுப்பழத்துக்கு ஈடாகவில்லை. ஆகவே நார் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. அந்த நார் பழத்தின் சதையோடு பின்னியிருந்து, பல்லுக்கு வேலை கொடுத்து, உண்ணும் வேகத்தை மட்டுப்படுத்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மிக்ஸியில் பழத்தை முழுதாக அரைத்துக் குடிப்பவர்கள் சாறு குடிப்பவர்களைவிட நல்ல நிலையில் இருக்கிறார்கள் என்றாலும், இரண்டு மூன்று பழங்களை ஒரே மூச்சில் உள்ளே இறக்கிவிடும் வாய்ப்பு அவர்களுக்கும் உண்டு.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறது. தேன், பாகு ஆகியவற்றோடு பழச்சாற்றின் சர்க்கரையையும் அது குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில் சேர்க்கிறது. முழுப்பழத்தின் சர்க்கரையைச் சேர்ப்பதில்லை. அத்தகைய சர்க்கரை ஒரு நாளின் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நன்று என்கிறது. 2,000 கலோரி உண்பவருக்கு இந்த 5 விழுக்காடு என்பது 25 கிராம்தான். சர்க்கரை சேர்க்காத ஒரு கோப்பை ஆரஞ்சுச் சாறே அதைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடுகிறது. ஆகவே, "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று பெட்டியின் முகப்பில் எழுதியிருப்பதைக் கண்டு நிம்மதியடைய வேண்டாம். பின்பக்கம் திருப்பி, மொத்தச் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

உலர்பழம் வேறு வகைச் சிக்கல். அதில் நார் இருக்கிறது, மெல்லவும் வேண்டும். ஆனால் நீர் போய்விட்டதால் அளவு ஏமாற்றுகிறது. 100 கிராம் பச்சைத் திராட்சையில் 15 கிராம் அளவில் இருக்கும் சர்க்கரை, அதே எடையுள்ள உலர் திராட்சையில் 60 கிராமை நெருங்குகிறது. உலர்த்தும்போது வைட்டமின் சி-யும் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. ஒரு சிறு கைப்பிடியை எடுத்து வைத்துக்கொண்டு பொட்டலத்தை மூடிவிடுபவருக்கு, சாற்றைவிட இது மேலான தேர்வு என்பதே என் கருத்து. கிரான்பெரி போன்ற புளிப்புப் பழங்கள் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்தே உலர்த்தப்படுவதால் அவற்றை வாங்கும்போது கூடுதல் கவனம் தேவை.

அன்றாட உணவுக்கு முழுப்பழமே முதலிடம் பெறுகிறது. ஆனால் சாறு வெல்லும் இடமும் உண்டு. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்தால், விரைந்து உறிஞ்சப்படும் 15 கிராம் சர்க்கரை உடனே தேவைப்படுகிறது. அப்போது அரைக் கோப்பைச் சாறு உதவும், முழுப்பழம் தாமதப்படுத்தும். குழந்தைகளின் கதை இதற்கு நேர்மாறானது. ஒரு வயது நிரம்பும் வரை பழச்சாறே வேண்டாம், மூன்று வயது வரை நாளொன்றுக்கு 120 மில்லி லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2017-இல் அறிவுறுத்தியது. பல் வலுவிழந்த முதியவருக்கும், மெல்லப் பழகாத குழந்தைக்கும் சாறு பிழிவதற்குப் பதிலாகக் கனிந்த பழத்தைக் கரண்டியால் மசித்து, வடிகட்டாமல், சிறுகச் சிறுக ஊட்டலாம்.