எரிபொருள் செலவை ஈடுகட்டும் என்று விற்கிற எனர்ஜி ஃபண்ட்: கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

"கச்சா எண்ணெய் விலை ஏறினால் ஃபண்டும் ஏறும், வீட்டு எரிபொருள் செலவு அதிலேயே கழிந்துவிடும்." இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்டுவது கச்சா விலையின் வரைபடம், கையில் கொடுப்பது வேறு சரக்கு. ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

கச்சா ஃபண்ட் எண்ணெயைப் பீப்பாயில் அடுக்கி வைப்பதில்லை. அதன் கையில் இருப்பது ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம், அதாவது பின்னொரு மாதத்தில் வாங்கும் எண்ணெய்க்கு இன்றே விலை பேசி வைப்பது. காலாவதிக்கு முன் அதை விற்று, அடுத்த மாத ஒப்பந்தத்தை வாங்கியாக வேண்டும். இதை ரோல் என்பார்கள். இந்த மாதம் 60 டாலர், அடுத்த மாதம் 62 டாலர் என்று வையுங்கள். 100 பீப்பாய்க்கான ஒப்பந்தத்தை விற்ற பணத்தில் 96.8 பீப்பாய்க்குத்தான் வாங்க முடியும். இதே இடைவெளி 12 மாதம் நீடித்தால், கச்சா 60-லேயே நின்றாலும் போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அடுத்த மாத விலை இந்த மாத விலையைவிட அதிகமாக இருக்கும் இந்த நிலைதான் கான்டாங்கோ. விளம்பரத் தாளில் இந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

2020 ஏப்ரல் 20-ஆம் தேதி அமெரிக்கக் கச்சாவின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது, அதாவது விற்பவரே பணம் கொடுத்துத் தள்ளிவிடும் நிலை. அந்த மாதக் கடைசியில் உலகின் பெரிய கச்சா ஃபண்ட் ஒன்று, யூனிட் விலை அவ்வளவு விழுந்ததால், 8 யூனிட்டை 1 யூனிட்டாகச் சுருக்கியது. 2021 பிப்ரவரியில் கச்சா திரும்ப 60 டாலருக்கு வந்துவிட்டது. ஆனால் 2020 ஜனவரியில் கச்சா அதே விலையில் இருந்தபோது அந்த ஃபண்டை வாங்கியவர்களின் பணம் பாதிக்கும் கீழேதான் நின்றது.

"இரண்டு மடங்கு லாபம்" என்று வரும் லெவரேஜ் ஃபண்ட், அதாவது கச்சாவின் ஒரு நாள் ஏற்ற இறக்கத்தை இரட்டிப்பாகக் காட்டும் ஃபண்ட், இன்னும் மோசம். அது கணக்கைத் தினமும் புதிதாகத் தொடங்குகிறது. கச்சா ஒரு நாள் 100-இலிருந்து 110 போய், மறுநாள் 100-க்கே திரும்பினால், ஃபண்ட் 120 போய் 98.2-க்கு வந்து நிற்கும். மாதக்கணக்கில் வைத்திருக்கும் பொருளே அல்ல அது.

எண்ணெய்க் கம்பெனிப் பங்குகளை வாங்கும் ஃபண்டில் இந்த ரோல் தொல்லை இல்லை. ஆனால் பெயரில் "எனர்ஜி" இருந்தால் மட்டும் போதாது. முதல் 10 பங்குகளைப் பாருங்கள். சோலார், காற்றாலைக் கம்பெனிகள் நிறைந்திருந்தால் உங்கள் கேஸ் பில்லுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. 2021-இல் கச்சா 50 சதவீதத்துக்கு மேல் ஏறியது. பசுமை எரிசக்திக் குறியீடுகள் சரிந்தன.

இனி, விற்பவர் சொல்லாமல் விடும் கணக்கு. ஆண்டுக்கு 60,000 எரிபொருளுக்குப் போகிறது, விலை 20% ஏறுகிறது என்றால் கூடுதல் செலவு 12,000. ஃபண்டில் 10,000 போட்டிருந்து அதுவும் 20% ஏறினால் கிடைப்பது 2,000, அதிலும் கட்டணமும் வரியும் போக. முழுசாக ஈடுகட்ட ஓராண்டுச் செலவு அளவுக்கு, அதாவது 60,000, முடங்கிக் கிடக்க வேண்டும். இன்னொன்று: கச்சா விழுகிற வேகத்தில் சில்லறை விலை விழாது, அதில் வரி, சுத்திகரிப்பு, விநியோகம் எல்லாம் சேர்ந்திருக்கிறது. யூனிட் மதிப்பு இறங்கிய மாதத்திலும் பில் அப்படியே வரும்.

விற்பவரிடம் கச்சா விலையை அல்ல, அந்த ஃபண்டின் என்ஏவியை, அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பை, 5 ஆண்டுக்குக் கேளுங்கள். வரைபடம் 2020 ஏப்ரலில் தொடங்கினால் தேதியை முன்னால் தள்ளிக் காட்டச் சொல்லுங்கள். பள்ளத்திலிருந்து பார்த்தால் எல்லாமே மலைதான். ஆண்டுக் கட்டணம், எக்ஸிட் லோட் (சீக்கிரம் வெளியேறினால் பிடிக்கும் கட்டணம்), ஏஜென்ட் கமிஷன் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். "உறுதியான வருமானம்" என்ற வார்த்தை வந்தால் அங்கேயே எழுந்துவிடலாம்.

ஏற்கெனவே ஃபியூச்சர்ஸ் ஃபண்டில் மாட்டியவர்கள், விலை இறங்கிவிட்டது என்று சராசரி வாங்கிய விலையைக் குறைக்க (ஆவரேஜ் செய்ய) மேலும் பணம் போடாதீர்கள். எக்ஸிட் லோட் முடியும் தேதியை ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். அதுவரை ரோலில் கரையப்போகும் தொகை லோடைவிட அதிகம் என்றால், லோடைக் கட்டிவிட்டு வெளியே வருவதுதான் மலிவு.