எட்டாத திராட்சைக்கு எது தோது: வெள்ளியா, க்ளேயா, ரெசினா?

நீதிக்கதையை நகையாக்கும்போது கதை முழுவதையும் ஒரே தருணத்தில் அடைக்க வேண்டும். "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்பதை டாலரில் எழுதித் தொங்கவிட முடியாது. 11-ஆம் நூற்றாண்டின் பேயூ திரைச்சீலை ஓரத்தில் காகமும் நரியும் தைக்கப்பட்டிருக்கின்றன. விளக்க எழுத்து கிடையாது. சீஸ் யார் பக்கம் இருக்கிறது என்று பார்த்தே கதை புரிந்துவிடும். எந்தத் தருணம் என்று முடிவானால், பொருளும் பாதி முடிவான மாதிரிதான்.

நரிக்கு நான் யோசிக்காமல் வெள்ளி என்பேன். 92.5 சதவீத வெள்ளித் தகட்டை இழை ரம்பத்தால் அறுத்தால் கிடைப்பது வெறும் நிழலுருவம். ஆனால் இந்தக் கதைக்கு அது போதும். அண்ணாந்த மூக்குக்கும் திராட்சைக் குலைக்கும் நடுவே அறுத்தெடுத்த வெற்றிடம்தான் கதையே. குலையைத் தனியாக அறுத்து வளையத்தில் கோத்துவிட்டால், நடக்க நடக்க ஆடும். நரிக்கு எட்டவே எட்டாது. காம்பு வளையும் இடத்தில் மட்டும் ரம்பத்தை அவசரமாகத் திருப்பக் கூடாது, பட்டென்று முறியும். காற்றிலுள்ள கந்தகத்தால் வெள்ளி கறுக்கும் என்பது குறைதான். ஆனால் ரோமக் கோடுகளில் படியும் கறுப்பை நான் தேய்த்து எடுப்பதில்லை. நரிக்கு அழகே அதுதான்.

பாலிமர் க்ளேயைப் பலர் சுட்ட மண் என்று நினைக்கிறார்கள். அது பிவிசி. பெரும்பாலானவை 130 டிகிரி செல்சியஸை ஒட்டியே வெந்துவிடும், வீட்டு அவனே போதும். நிறம் வேண்டுமா, காதை இழுக்காத பெரிய தோடு வேண்டுமா, இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மெல்லிய உறுப்பு எதையும் இதை நம்பி நீட்டக் கூடாது. நான் செய்த முயலுக்கு ஒரே மாதத்தில் காது போனது. இப்போதெல்லாம் முயலைச் சுருண்டு தூங்க வைத்துவிடுகிறேன், கதைக்கும் அதுதானே பொருத்தம்! ஒரு காதில் தூங்கும் முயல், மறு காதில் ஆமை. போட்டிருப்பவர் தலையைத் திருப்பினால் ஒன்று பின்தங்கிவிடும்.

திரவமாக ஊற்றிக் கெட்டியாக்கும் ரெசின்மேல் எனக்குப் பெரிய மோகம் இல்லை. வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகும். கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் தொடவே கூடாது. ஒருமுறை ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் கண்ணளவில் கலந்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தேன். பிசுபிசுப்பு போகவில்லை, பஞ்சுத் தூசி ஒட்டியதுதான் மிச்சம். ஆனாலும் தாகமெடுத்த காகத்துக்கு வேறு வழியில்லை. நிஜக் கூழாங்கல்லைப் போட்டு, நிற்கும் தண்ணீரைக் காட்ட வெள்ளியாலும் முடியாது, க்ளேயாலும் முடியாது. மற்ற நேரத்தில் எரிச்சலூட்டும் காற்றுக்குமிழிகூட இங்கே கல் விழுந்த அடையாளமாகிவிடும்.

இரண்டு பறவைகள் தூக்கிப் போகும் ஆமைக்கு மட்டும் தனிப்பொருள் எதுவும் சரிவரவில்லை. குச்சியும் பறவைகளும் வெள்ளி, ஆமை க்ளே. ஆமையின் வாயில் வரும் வளையத்தைக் குச்சியில் கோத்துப் பற்றவைத்த பிறகே க்ளேயை உருட்டிச் சேர்க்க வேண்டும். பற்றவைக்கும் சூட்டில் க்ளே கருகிவிடும். சும்மா நெருக்கிவிட்ட வளையம் என்றாவது வாயைத் திறக்கும். அப்புறம் ஆமை கதி தெரிந்ததுதான்.