வெள்ளவத்தையில் அறை எடுக்கிறவர்கள் கவனம்: 28,500 ரூபா கட்டிவிட்டு இரவில் தெருவில் நின்றோம்

யாழ்ப்பாணத்திலிருந்து வீசா அலுவலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொழும்புக்கு வருகிறவர்கள், இணையத்தில் வெள்ளவத்தை அறை தேடிக்கொண்டிருப்பவர்கள், தயவுசெய்து இதை வாசித்துவிட்டுக் காசு போடுங்கள். எனக்கு 28,500 ரூபா போய்விட்டது. போனது காசு மட்டும் என்றால் நாலு பேரிடம் திட்டித் தீர்த்துவிட்டு விட்டிருப்பேன். அம்மாவையும் மகளையும் வைத்துக்கொண்டிருந்த என்னை, வீட்டுக்காரன் என்று சொல்லி ஏமாற்றிய ஒருவன், மழைக்குள், இரவு பத்து மணிக்கு மேல் தெரியாத ஒழுங்கை ஒன்றில் நிற்க வைத்துவிட்டான். அதுதான் ஆறவில்லை.

அம்மாவுக்கு வீசாவுக்காகக் கைரேகை கொடுக்கிற நாள் வந்திருந்தது. அறையைப் பதிந்தது ஒரு பெரிய இணையத் தளத்தில். பெயர் போடவில்லை, வெளிநாட்டுக்காரர் எல்லோரும் பாவிக்கிற வகைதான். வெள்ளவத்தையை ஏன் எடுத்தேன் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சைவக் கடையும் கோயிலும் மருந்துக் கடையும் காலி வீதியிலேயே, நடந்து போகிற தூரத்தில். 100, 101 பஸ் ஓயாமல் ஓடும். இரவில் வாய் திறந்து தமிழில் வழி கேட்கலாம். அந்த நம்பிக்கையைத்தான் அவன் தூண்டிலில் கொளுவியிருக்கிறான்.

பதிந்து கொஞ்ச நேரத்தில் அந்தத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே மெசேஜ் வந்தது. கவனியுங்கள், தளத்துக்கு உள்ளே. "வீட்டுக்காரர்" என்ற அடையாளத்தோடு, தன்னுடைய வட்ஸ்அப் இலக்கத்தையும் போட்டிருந்தான். எடுத்தால் பக்குவமான குரல். "அக்கா, நீங்கள் யாழ்ப்பாணத்தில எவடம்?" என்றான். கொக்குவில் என்றேன். "அட, என்ர அம்மம்மா வீடு தாவடியெல்லோ!" என்று பக்கத்து ஊரைச் சொன்னான். அம்மாவுக்கு முழங்கால் நோ என்று நான் சொல்லவேயில்லை. வயதான ஆள் வருகிறார் என்றவுடன் தானாகவே, "லிஃப்ட் இருக்கக்கா, அம்மாவுக்குப் படி ஏறுற வேலை இல்லை, சுடுதண்ணியும் வரும்" என்றான். சொந்தத் தம்பிகூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான் என்று அம்மா சொன்னா. பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தான். தளத்தில் "வந்து கட்டலாம்" என்று இருந்தாலும், அந்தக் கிழமை கலியாணக் கூட்டம் அதிகமாம், முழுக்காசையும் வங்கியில் போட்டால்தான் அறையை மறித்து வைக்கலாமாம். அடையாள அட்டைப் படம் அனுப்பினான், தமிழ்ப் பெயர்தான். கணக்கும் அதே பெயரில். 28,500 ரூபாவையும் போனிலேயே மாற்றிவிட்டேன். "நன்றியக்கா, கவனமா வாங்கோ" என்று கைகூப்பிய படம் வேறு!

ரயில் அன்றைக்கு நன்றாகப் பிந்தியது. அனுராதபுரம் தாண்டும்போதுகூட, "எங்க வாறீங்கள், சாவி செக்யூரிட்டியிட்ட இருக்கு" என்று மெசேஜ் போட்டான். கோட்டை ஸ்டேஷனில் இறங்கி எடுத்தால் போன் ஓஃப். சார்ஜ் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். அப் மூலம் ஓட்டோ பிடித்து அவன் தந்த விலாசத்துக்கே போனோம். காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்குகிற ஒழுங்கை. தொடர்மாடி இருக்கிறது, படத்தில் பார்த்த அதே வாசல். ஆனால் அவன் சொன்ன இலக்கத்தில் அங்கே வீடே இல்லை. செக்யூரிட்டி ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. மகள் பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சொன்னாள்: இங்கே அறை வாடகைக்கு விடுவதில்லையாம், போன கிழமையும் ஒரு குடும்பம் இப்படிப் பெட்டியோடு வந்து நின்று அழுததாம்.

போன கிழமையும்! அப்படியென்றால் அந்தக் குடும்பம் ஏமாந்து போன பிறகும் அந்த விளம்பரம் தளத்தில் அப்படியே கிடந்திருக்கிறது.

வந்த ஓட்டோ போய்விட்டது. மழை பிடித்துவிட்டது. பெட்டியோடு நிற்கிறவர்களைக் கண்டால் எங்கிருந்தோ ஆள் வரும், உங்களுக்குத் தெரியும்தானே. இன்னொரு ஓட்டோ வந்து நின்றது. தெரிந்த லொட்ஜ் இருக்கு, கொண்டுபோய் விட மூவாயிரம் என்றான். எங்கே என்று கேட்டால் "பக்கத்தில" என்றான், இடத்தின் பெயர் சொல்லவில்லை. பக்கத்தில் போக மூவாயிரமா? ஏறவில்லை. மரைன் டிரைவ் பக்கம் போகாமல், வெளிச்சம் இருந்த காலி வீதிக்கே பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறினோம். ஒரு சைவக் கடையில் கதவு பாதி இறக்கியிருந்தார்கள். காசாளர் ஐயா அம்மாவைக் கண்டதும் கதிரை இழுத்துப் போட்டு, பிளேன்டீ தந்து, தனக்குத் தெரிந்த விடுதிக்குத் தானே போன் எடுத்தார். டீக்குக் காசும் வாங்கவில்லை. அந்த மனிதரும் தமிழர்தான், தாவடிக்காரனும் தமிழன்தான். விடுதியில் ஒரு சின்ன அறைக்கு 7,000. படியேறித்தான் போனா அம்மா.

இனி மற்ற நாடகம். தளத்தின் உதவி இலக்கத்தை எடுத்தால் முதலில் பாட்டு, பிறகு இங்கிலீஷ். "உங்கள் நிலை எங்களுக்கு விளங்குகிறது" என்று சொன்ன பெண்ணுக்கு என்ன விளங்கியதோ தெரியாது, ஒரு முறைப்பாட்டு இலக்கம் தந்து வைத்துவிட்டா. பிறகு மின்னஞ்சல் வந்தது: பணம் தங்கள் ஊடாகக் கட்டப்படவில்லை, ஆகவே பொறுப்பு இல்லை. அவன் காசு கேட்டது உங்கள் செய்திப் பெட்டிக்குள் தொடங்கிய கதைதானே என்று படத்தோடு அனுப்பினேன். பதிலாக, அடுத்த பயணத்துக்குப் பத்து வீதக் கழிவுக் கூப்பன். 28,500 ரூபாவைத் தின்றவனிடமே திரும்பப் போய் பத்து வீதம் குறைத்துத் தின்னச் சொல்லவா?

வங்கியில், நீங்களே சம்மதித்து அனுப்பிய காசு, பெற்றவர் சம்மதம் இல்லாமல் திருப்ப ஏலாது, பொலிஸ் முறைப்பாட்டைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். பொலிஸில், கணக்கு எந்த ஊர்க் கிளையோ அங்கே கொடுங்கள் என்றார்கள். கெஞ்சிக் கேட்டு எழுத வைத்தால் முழுக்கச் சிங்களம், கீழே கையெழுத்துப் போடு என்கிறார். 13ஆவது திருத்தம் வந்த 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழிதான். அதை அந்த மேசைக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லைப் போல. மகளை வாசிக்க வைத்து, 28,500 என்ற தொகை சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் போட்டேன்.

இரவில் கொழும்பில் பாதுகாப்பாக இருப்பது பற்றி நிறைய எழுதத்தான் இருந்தேன், ஆத்திரத்தில் வருகிறதைச் சொல்கிறேன். "வந்து கட்டலாம்" என்ற அறைக்கு முற்பணம் கேட்டால் விட்டுவிடுங்கள், எந்த ஊர் அம்மம்மாவின் பேரனாக இருந்தாலும் சரி. வெளிக்கிட முதல், கொழும்பில் இருக்கிற யாரையாவது விட்டு வாசலில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். ஏலுமானால் வெளிச்சத்தோடு வந்து இறங்குங்கள். இரவு ஓட்டோ என்றால் அப்பில் பிடியுங்கள், அறையைக் கண்ணால் காணும்வரை அதை அனுப்பாதீர்கள். பெட்டியோடு ஒழுங்கைக்குள் நிற்காதீர்கள், திறந்திருக்கிற கடைக்குள் போங்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, பெண்களுக்கு 1938. வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் 1935க்குச் சொல்லலாம், நான் நாளைக்கு எடுக்கப் போகிறேன்.

விளம்பரத்தைக் கண்டுபிடிக்க அடையாளம்: வெள்ளைத் திரைச்சீலை, நீல விரிப்புப் போட்ட இரட்டைக் கட்டில், பல்கனிக்கு அப்பால் கடல். எங்களுக்கு ஓர் இரவுக்கு 9,500 போட்டிருந்தான். இன்று மத்தியானம் பார்த்தேன், இன்னும் இருக்கிறது. 9,000 ஆகக் குறைத்திருக்கிறான்.