பழைய ஃபைபர் படகைப் புதுப்பிக்க: பாலியெஸ்டரா, வினைல் எஸ்டரா, எப்பாக்சியா?

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையோரம் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவில் பிடித்துக்கொண்ட ஃபைபர் படகுகளில் பல இன்று பழசாகிவிட்டன. கரை மணலில் இழுத்து இழுத்து அடிப்பாகம் தேய்ந்து, எஞ்சின் மாட்டும் பின்பலகையின் உள்ளிருக்கும் பிளைவுட் ஊறி உப்பிய படகு ஒன்றை வீட்டிலேயே சரிசெய்ய நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, கண்ணாடி நார்களை இறுக்கிப் பிடிக்கும் பிசினான ரெசினைத்தான். கடைக்காரர் பாலியெஸ்டரை எடுத்துக் கொடுப்பார். இணையத்தில் தேடினால் எப்பாக்சியே உயர்ந்தது என்று வரும். படகு முழுவதற்கும் ஒரே ரெசின் என்று எண்ணாமல், சேதம் எந்த இடத்தில் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கருத்து.

படகு முதன்முதலில் கட்டப்பட்டபோது ஈரமான அடுக்கின் மேல் ஈரமான அடுக்கு படிந்ததால், பாலியெஸ்டர் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பால் இறுகியது. பல ஆண்டுகள் காய்ந்த அதே பரப்பின் மேல் இன்று புதிதாகப் பூசப்படும் பாலியெஸ்டருக்கு அந்தப் பிணைப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. கிரைண்டர் போட்ட கீறல்களைப் பற்றிக்கொண்டுதான் அது நிற்கிறது. போதாததற்கு, இறுகும்போது அதன் கன அளவு சுமார் 5 முதல் 8 விழுக்காடு வரை சுருங்குவதால், ஒட்டின் விளிம்பு பிரியப் பார்க்கும். எப்பாக்சி மிகக் குறைவாகவே சுருங்கும். பழைய ஃபைபரையும் காய்ந்த மரத்தையும் தானாகவே கெட்டியாகப் பிடிக்கும். ஒட்டும் வலிமையை மட்டும் அளந்தால் போட்டி இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் செலவையும் கைப்பழக்கத்தையும் பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. எப்பாக்சியின் விலை பாலியெஸ்டரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நம் ஊர்களில் எளிதாகக் கிடைக்கும் 450 கிராம் மேட் (வெட்டிய கண்ணாடி நார்களாலான விரிப்பு), ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பாலியெஸ்டரைக் குடிக்கும். அதே மேட்டை எப்பாக்சியோடு பயன்படுத்துவதும் எளிதல்ல. அதன் நார்களைப் பிணைத்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானில் கரைவதற்கென்றே அமைந்தது என்பதால், எப்பாக்சியில் மேட் விறைப்பாகவே நின்று வளைவுகளில் படியாது. எப்பாக்சி வாங்குபவர் நெய்த துணியையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

வெயிலும் கணக்கில் சேரும். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பழுதுவேலை மும்முரமாகும் இந்த நாட்களிலேயே கத்திரி வெயிலும் வருகிறது. பாலியெஸ்டரில், அதை இறுகவைக்கும் திரவமான கேட்டலிஸ்டைக் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி என்ற வரம்புக்குள் கூட்டிக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். கோடையில் கீழ் வரம்பே போதும், அதற்கும் கீழே போனால் உள்ளே வேகாமல் நின்றுவிடும். எப்பாக்சியில் இந்தச் சலுகை கிடையாது. அதை இறுகவைக்கும் ஹார்டனரின் விகிதத்தைத் துளி மாற்றினாலும் பிசுபிசுப்போ பலவீனமோதான் மிஞ்சும் என்பதால், எடை காட்டும் சிறு மின்தராசு இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. கலந்ததைக் குவளையிலேயே விட்டுவைத்தால் சூடேறிப் புகையும். அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட்டால் வேலைக்கு நேரம் கிடைக்கும். பாலியெஸ்டருக்கும் ஓர் ஆபத்து உண்டு. இறுகுவதை விரைவுபடுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடித்துத் தீப்பிடிக்கலாம். ஒன்றை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும், ஆகவே கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்கவே வேண்டாம்.

வினைல் எஸ்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாலியெஸ்டரைவிட நன்றாக ஒட்டும், நீர் புகுந்து கொப்புளம் எழுவதையும் கூடுதலாகத் தடுக்கும், மேட்டோடும் ஒத்துப்போகும். எனினும் டின்னிலேயே சில மாதங்களில், அதிலும் நம் வெப்பத்தில் இன்னும் விரைவாக, கெட்டியாகிவிடும் பொருள் அது. தயாரிப்புத் தேதி புதிதாக இருப்பது உறுதியானால் மட்டுமே பரிந்துரைப்பேன்.

இடவாரியாகப் பார்த்தால், மணலில் தேய்ந்த அடிப்பாகம் பரந்த பரப்பு. மீண்டும் தேயப்போவதும் உறுதி. அங்கே மேட்டும், ரோவிங் என்ற தடித்த நெய்த நார்த்துணியும், பாலியெஸ்டருமே போதும், எப்பாக்சி வீண் செலவு. முழுவதும் துளைத்த ஓட்டைக்குச் சரிவு முக்கியம்: 6 மில்லிமீட்டர் கனமுள்ள சுவரில், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் சுற்றிலும் 72 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சாய்வாகத் தேய்த்துவிட்டால் பாலியெஸ்டரும் தாங்கும். அவ்வளவு அகலம் தேய்க்க இடமில்லாத மூலைகளில் எப்பாக்சிக்குச் செலவழிக்கலாம். எஞ்சினின் அதிர்வு முழுவதையும் வாங்கும் பின்பலகைதான் விவாதமே வேண்டாத இடம். ஊறிய பிளைவுட்டை மொத்தமாக எடுத்துவிட்டு, புதுப் பலகையின் வெட்டுமுனைகள் குடிக்கும்வரை எப்பாக்சி ஊட்டி, அதனாலேயே ஒட்டவும் வேண்டும். மிதவைக்காகத் தெர்மக்கோல் அடைத்திருக்கும் அறைகளை மூடும்போதும் எப்பாக்சியே வேண்டும். பாலியெஸ்டரின் ஸ்டைரீன் தெர்மக்கோலைக் கரைத்துவிடும்.

இரண்டையும் ஒரே படகில் பயன்படுத்துபவர் வரிசையை மாற்றக் கூடாது. பாலியெஸ்டரின் மேல் எப்பாக்சி ஒட்டும். எப்பாக்சியின் மேல் வெளிப்பூச்சான பாலியெஸ்டர் ஜெல்கோட் பல நேரங்களில் சரியாக இறுகாது. ஆகையால் எப்பாக்சி பட்ட இடங்களில் ஜெல்கோட்டை மறந்துவிட்டு, மேலே படியும் மெழுகு போன்ற படலத்தைத் தண்ணீரும் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவி, உப்புத்தாள் போட்டு, எப்பாக்சி பிரைமரும் பாலியூரித்தேன் பெயின்ட்டும் அடிக்க வேண்டும். பெயின்ட் இல்லாமல் விட்டால் வெயிலில் எப்பாக்சி சுண்ணாம்பாக உதிரத் தொடங்கும்.