அமைதி, இடவசதி என்று விற்கப்படும் கணினிக் கேபினெட்: வாங்குமுன் கவனிக்க

வீட்டில் சொந்தமாகக் கணினி கட்டுபவர்களுக்காகவே தயாரித்தது என்றும், சத்தமே வராது, உள்ளே தாராளமான இடம் உண்டு என்றும் விளம்பரம் செய்யப்பட்ட ஒரு டவர் கேபினெட்டை (கணினிப் பாகங்களைப் பூட்டும் நிமிர்ந்த பெட்டியை) வாங்கி நான் ஏமாற்றப்பட்டேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் விற்றவரின் பெயரையும் இங்கே குறிப்பிடப்போவதில்லை. ஏமாற்று எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால், எந்தப் பெயரில் வந்தாலும் அதை அடையாளம் காணலாம். விளம்பரத்தில் இருந்த எண்களில் பெரும்பாலானவை பொய்யல்ல. ஒவ்வொரு எண்ணும் கேபினெட்டின் வெவ்வேறு நிலையில் அளக்கப்பட்டது என்பதுதான் சூழ்ச்சி. அந்த எண்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்படி அந்தக் கேபினெட்டை எவராலும் பூட்ட முடியாது.

பிராசஸரின் சூட்டைத் தணிக்க அதன்மேல் பூட்டும் கூலருக்கு 170 மி.மீ. உயரம் வரை இடமுண்டு என்று அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தது. என்னிடம் இருந்ததோ 165 மி.மீ. உயரமுள்ள கூலர். பூட்டிவிட்டுப் பக்கத்தகட்டை மூட முயன்றபோது தகடு புடைத்து நின்றது. ஏனெனில் 170 என்பது வெறும் தகடு வரையிலான அளவு. அதே தகட்டின் உட்புறம் முழுவதும், அமைதிக்குக் காரணம் என்று அவர்களே பெருமையாகக் காட்டும் ஒலி உறிஞ்சும் ஃபோம் 7 மி.மீ. கனத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. கூலர் வேண்டுமென்றால் ஃபோமை அந்த இடத்தில் வெட்டி எடுக்க வேண்டும். ஃபோம் வேண்டுமென்றால் கூலரை மாற்ற வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்திலும் இதே கதைதான். 360 மி.மீ. நீளம் வரை பொருந்தும் என்பதும், ஆறு ஹார்ட் டிஸ்க்குகளை வைக்கலாம் என்பதும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. டிஸ்க்குகள் நிற்கும் கூண்டைக் கழற்றினால் மட்டுமே அந்த 360 கிடைக்கும் என்ற செய்தி எங்கும் இல்லை. கூண்டு இருக்கும்போது 300 மி.மீ. கார்டுகூட இடிக்கிறது. முன்விசிறிகள் உட்புறம் பொருத்தப்படும் வடிவமைப்பு என்பதால், வழக்கமான விசிறியின் 25 மி.மீ. கனத்தையும் அந்த 360-இலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

இடம் போனதோடு நிற்கவில்லை, அமைதியும் அதனாலேயே கெட்டது. கூண்டில்தான் டிஸ்க்குகளுக்கான ரப்பர் வளையங்கள் இருந்தன. கூண்டைக் கழற்றிய பின், டிஸ்க்கை அடித்தகட்டில் நேரடியாகத் திருகுவதைத் தவிர வேறு வழி இல்லை. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க் 120 ஹெர்ட்ஸ் அதிர்வைத் தரும். மெல்லிய தகடு அதை வாங்கிப் பெருக்கி, ஓயாத ரீங்காரமாக அறைக்குள் விடுகிறது. இதற்கு அந்த ஃபோமால் எந்தப் பயனும் இல்லை. 120 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 2.9 மீட்டர்; 7 மி.மீ. கனமுள்ள ஃபோம் கூர்மையான மேல்சுருதி ஓசைகளைச் சற்று மழுக்குமே தவிர, இந்தத் தாழ்ந்த முனகலை அது தொடுவதே இல்லை. தாழ்ந்த ஒலியை அடக்கத் தகட்டின் எடையும் விறைப்பும் வேண்டும். விற்பனைப் பக்கத்தில் தகடு 0.8 மி.மீ. என்று எழுதியிருந்தார்கள், வெர்னியர் காலிப்பரால் அளந்தபோது பக்கத்தகடு பெயின்ட்டையும் சேர்த்து 0.6 மி.மீ. மட்டுமே இருந்தது. கேட்டதற்கு, 0.8 என்பது உட்சட்டத்தின் கனம் என்று பதில் வந்தது.

'18 டெசிபல்' என்ற எண்தான் எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது. அது கேபினெட்டின் அளவே அல்ல. கூட வரும் விசிறிகளில் ஒன்றை மட்டும், மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு எடுத்தது. ஒரே மாதிரியான மூன்று விசிறிகள் ஓடினாலே ஏறத்தாழ 5 டெசிபல் கூடும். எவ்வளவு தூரத்திலிருந்து அளந்தார்கள் என்று சொல்லாத டெசிபல் எண்ணுக்குப் பொருளே கிடையாது. கணினிக் கருவிகளின் ஒலியை எப்படி அளக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 7779 என்ற தரமுறை இருக்கிறது, அதன் பேச்சே அந்த அட்டையில் இல்லை. மேலும், அந்த விசிறிகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்படி மதர்போர்டில் செருகும் வகையைச் சேர்ந்தவை அல்ல. பவர் சப்ளையிலிருந்து வரும் பெரிய மொலெக்ஸ் பிளக்கில் செருகி, எப்போதும் 12 வோல்ட்டில் முழு வேகத்தில் ஓடுபவை. அந்தக் குறைந்த வேகத்தை வாங்குபவர் ஒருநாளும் காண முடியாது.

காற்றோட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்கதவு முழுக்க மூடியது. ஓரத்தில் உள்ள குறுகிய பிளவுகள் வழியாகத்தான் காற்று நுழைய வேண்டும். கார்டு சூடாகி, அதன் விசிறிகள் வேகமெடுத்து இரைகின்றன. பக்கத்தகட்டைக் கழற்றி வைத்தபோது என் கணினி முன்பைவிட அமைதியாக ஓடியது என்பதே இந்தக் கேபினெட்டின் தகுதிக்குப் போதுமான சான்று. மெதுவாகச் சுழலும் 140 மி.மீ. விசிறிகளும் வலைமுகப்பும் கொண்ட சாதாரணக் கேபினெட் இதைவிட அமைதியாக இருக்கும் என்பது என் கருத்து.

திருப்பி அனுப்பக் கேட்டபோது, திருகு போட்ட தடம் இருப்பதால் எடுக்க முடியாது என்றார் விற்றவர். திருகு போடாமல் எப்படிச் சோதிப்பது என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. எண்கள் அனைத்தும் "உகந்த சூழலில்" அளக்கப்பட்டவை என்று தயாரிப்பாளர் ஒற்றை வரியில் முடித்துக்கொண்டார்.

எனவே வாங்குமுன் எழுத்து மூலமாகவே கேளுங்கள்: ஃபோம் ஒட்டிய நிலையில் கூலர் உயரம் எவ்வளவு, கூண்டும் முன்விசிறிகளும் இருக்கும்போது கார்டு நீளம் எவ்வளவு, பக்கத்தகட்டின் கனம் எவ்வளவு, விசிறிகளின் பிளக் எந்த வகை. பெட்டி வந்ததும், ஒரு திருகும் போடாமல், ஸ்கேலை உள்ளே வைத்து அளந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள், அட்டையையும் கிழிக்காதீர்கள். ஒரே உட்சட்டத்துக்கு வேறுவேறு முன்முகப்பு மாட்டிப் பல பெயர்களில் விற்பது இந்தத் தொழிலில் வழக்கம் என்பதால், முகப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், உட்புறப் படத்தில் கூண்டு எங்கே நிற்கிறது, முன்விசிறிகள் சட்டத்தின் எந்தப் பக்கம் மாட்டப்பட்டுள்ளன என்பதைப் பாருங்கள்.