ஆள்மையமா, சிபிடியா? திருகோணமலையில் நான் தேர்ந்தது

உளவளத்துணைப் பயிற்சி முடித்துவிட்டு வருகிற தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது இது: முதன்மையாக எதைப் பிடித்துக்கொள்வது, கார்ல் ரோஜர்ஸின் ஆள்மையச் சிகிச்சையையா (வருபவரையே மையமாக வைத்துக் கேட்கிற முறை), ஆரோன் பெக் தொடக்கிய சிபிடியையா (CBT, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பார்க்கிற முறை)? நான் ரோஜர்ஸ் பக்கம். பக்கச்சார்புதான், ஒளிக்கவில்லை.

கோட்பாடு எல்லாரும் படித்ததுதான். ஒத்துணர்வும் நிபந்தனையற்ற ஏற்பும் துணையாளரின் உண்மைத்தன்மையும் துணைநாடிக்கு, அதாவது உதவி தேடி வருபவருக்கு, எட்டினால் மாற்றம் வரும் என்பது ரோஜர்ஸ் 1957இல் எழுதியதன் சாரம். பெக் வழியில் எண்ணத்தைப் பிடித்து, அதற்கு ஆதாரம் உண்டா என்று பார்த்து, வீட்டுவேலை கொடுத்து அனுப்புவோம்.

அந்த வீட்டுவேலைதான் எனக்கு இடித்தது. என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, கவலை நூற்றுக்கு எத்தனை என்றெல்லாம் கொப்பியில் எழுதிவர வேண்டும். எங்களிடம் வருகிற பெண்களில் பலர் மாமி, மச்சாள், பிள்ளைகள் என்று ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள். "மாமி எதுக்கெடுத்தாலும் குறை பிடிக்கிறா" என்று எழுதிய கொப்பியை அந்த வீட்டில் எங்கே வைப்பது? ஒருவர் அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தார். இன்னொருவர் வெறுங்கொப்பியை நீட்டி, "எழுத ஏலாது மிஸ், மகள் வாசிச்சிருவா" என்றார். வீட்டுவேலை செய்யாத பள்ளிப்பிள்ளையின் முகம் அவருக்கு. அப்படி வந்தவர்கள் அடுத்த கிழமை வராமலே விட்டுவிடுவதுண்டு. ஆள்மைய அமர்வில் இந்தத் தொல்லை இல்லை. மூதூருக்கோ கிண்ணியாவுக்கோ பஸ் ஏறும்போது பையில் இருப்பது சந்தை மரக்கறி மட்டும்தான்.

அதற்காக ரோஜர்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்க முடியாது. "உங்களுக்குச் சரியான கவலையா இருக்கு போல" என்று திருப்பிச் சொன்னால், "அதைத்தானே நானும் சொன்னேன்? ஒரு வழி சொல்லுங்கோ" என்று மடக்குவார்கள். வீட்டில் அடி விழுகிறது என்றால் ஒத்துணர்வு மட்டும் போதாது. பாதுகாப்புக்கான ஏற்பாட்டை நாமே தொடங்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போகாதவருக்கும், கை கழுவிக் கழுவித் தோல் உரிந்தவருக்கும் கேட்டுக்கொண்டிருப்பது ஆறுதல்தான், தீர்வு அல்ல. அங்கே அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கிற சிபிடி முறைதான் சரி. குரல்கள் கேட்கிறவரை நேரே ஆஸ்பத்திரி உளமருத்துவப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

மனச்சோர்வில்? இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2021இல் வெளியான இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் ஆய்வில் ஆறு மாதத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். பன்னிரண்டாம் மாதத்தில் சிபிடி முந்தியது. எனக்கு உவப்பான முடிவல்ல, ஆனாலும் தள்ளிவிட முடியாது. கொப்பியைப் பூட்டிவைக்க ஒரு லாச்சி உள்ளவருக்கு இப்போது நானும் அந்த எண்ணப் பதிவையே வீட்டுவேலையாகக் கொடுக்கிறேன். மற்றவர்களோடு எண்ணப் பதிவை அமர்விலேயே இருந்து நிரப்பி, தாளை என் கோவையில் வைத்துக்கொள்கிறேன். சின்னப் பிள்ளைகளோடு எனக்கு அனுபவம் குறைவு; அதை விளையாட்டுச் சிகிச்சை தெரிந்தவரிடம் கேளுங்கள்.